ஐந்தாவது பெட்டிக்கு ஒரு மூடி பப்பாளி

தீய்ந்த சர்க்கரை வாசனை எங்கே வந்தாலும் எனக்குப் பத்து வயதாகிவிடும்.

அதில் கொஞ்சம் பப்பாளியும் கலந்திருந்தால், தோலாமார்க்கா பள்ளிக்கூடத்தின் இரண்டாவது அறை கண்முன் வந்துவிடும். ஐந்து கணினிகள். வண்ணக் காகிதச் சுருள்கள். திடீரென்று அணைந்த விளக்கு. பிறகு ஊரே ஒரே நேரத்தில் பேசிய சத்தம்.

அப்போது எங்கள் மலைமேட்டு ஊருக்கு மின்சாரம் வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகள், முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஓர் ஆசிரியர். அவர் பெயர் ஃபொர்துனாத்தோ. சுண்ணாம்புத் தூள் படாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரியில் பள்ளி திறந்த அன்று சார் சொன்னார்.

"நகரத்துல 'ஞாயிறு நண்பர்கள்'னு ஒரு குழு இருக்கு. ஆபீஸ்ல வேண்டாம்னு தள்ளுற கம்ப்யூட்டரை வாங்கி, சரிபண்ணி, பள்ளிக்கூடங்களுக்குக் குடுக்கறாங்க. நமக்கும் கேட்டு எழுதினேன். தர்றோம்னு பதில் வந்திருக்கு."

"எப்ப சார்?" என்றேன்.

"சரிபண்ணி முடிக்கணும்ல? நாலு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும்?" என்று கேட்டான் லிம்பெர். அவன் என் பெஞ்சுக்காரன். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருப்பான்.

சார் மறுநாள் ஒரு கட்டு அட்டையோடு வந்தார்.

செய்தித்தாளில் வந்த ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்து, ஒவ்வோர் அட்டையிலும் விசைப்பலகை வரைந்திருந்தார். முப்பத்தெட்டு அட்டைகள். படத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுடைய வலது கை மூன்று விசைகளை மறைத்திருந்தது. அந்த மூன்று இடங்களையும் சார் வெறுமையாக விட்டிருந்தார்.

"இங்க என்ன சார்?"

"தெரியல. வந்ததும் பாத்துக்கலாம்."

நாங்கள் நான்கு மாதம் அட்டையில் தட்டினோம். சார் பலகையில் ஒரு சொல்லை எழுதுவார். முப்பத்தெட்டுப் பேரும் விரலால் தட்டுவோம். மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும். என் பெயரை நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். சுல்மா. அந்த மூன்று வெற்றிடங்களில் என்ன இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

"ஒண்ணு அழுத்தினா பாட்டு வரும்," என்றாள் ஒருத்தி.

"ஒண்ணு அழுத்தினா வீட்டுப்பாடம் தானா முடிஞ்சிடும்," என்றான் லிம்பெர்.

"அப்ப அந்த அம்மா அதை ஏன் கையால மூடியிருக்காங்க?"

"நாம பாத்துடக் கூடாதுன்னுதான்!"

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள்.

எங்கள் பக்கம் ஜூனில்தான் குளிர்காலம். உருளைக்கிழங்கு காய்கிற காலம் அது. வயல் முழுக்க வைக்கோல் பரப்பி, அதன்மேல் கிழங்கு பரப்பியிருந்தோம். இரவில் பனியில் உறையும். பகலில் வெயிலில் உலரும். அப்படி உலர்ந்த கிழங்கு வருடக் கணக்கில் கெடாது. காற்று அவ்வளவு வறட்சியாக இருக்கும். துவைத்த துணி உதறுவதற்குள் காய்ந்துவிடும்.

சிறிய லாரி ஒன்று புழுதியோடு வந்து நின்றது. போர்வைகளில் சுற்றிய மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவில் நான்கு பேர். முதலில் இறங்கியவர் லூர்தெஸ் அம்மா. அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவுக்கு அவர்தான் தலைவி. கடைசியாக இறங்கியவர் இவார் அண்ணன். கல்லூரி மாணவர். மற்ற பெட்டிகள் லாரியின் தரையில் வந்தன. அவர் மட்டும் ஒரு பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"அதை ஏண்ணா மடியில வச்சிருக்கீங்க?"

"இதுக்கு உடம்பு சரியில்ல. குலுங்கினா பயந்துக்கும்."

அது பழைய பெட்டி. மற்ற நான்கும் வெள்ளை. இது கறைபட்ட பல் போல மஞ்சள். மேல் மூடியில் ஒரு விரிசல் இருந்தது. விரல் நுழையும்.

"எங்க கேரேஜ்ல இதுதான் ரொம்பப் படுத்துச்சு," என்றார் அவர். "ஏழு ஞாயிறு ஆச்சு. நேத்துதான் ஓட ஆரம்பிச்சுது."

அவர் என் கையில் ஒரு சிறிய பொருளைக் கொடுத்தார். ஒயர் தொங்கியது.

"இதைப் பத்திரமா உள்ள கொண்டு போ. இதுக்குப் பேரு எலி."

"கடிக்குமா?" என்றான் லிம்பெர்.

"வாலைப் பிடிச்சுத் தூக்கினா கடிக்கும்."

நான் எலியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன்.

மதியத்துக்குள் ஐந்தும் மேசைகளில் ஏறிவிட்டன. ஒயர்கள் போட்டாயிற்று. லூர்தெஸ் அம்மா கைகளைத் தட்டினார்.

"ஓட்டிப் பாத்துடலாமா?"

எங்கள் ஊர்த் தலைவர் எவுசேபியோ தாத்தா முன்னால் வந்தார். தோளில் அவருடைய கோடு போட்ட சால்வை. கையில் ஒரு தகர டப்பா.

"அதெப்படிம்மா? இன்னும் சல்லா பண்ணலையே?"

லூர்தெஸ் அம்மா சிரித்தார். "அட, மறந்தே போச்சு. தப்புதான் தலைவரே. பண்ணுங்க."

புதிய பொருள் எது வந்தாலும் சல்லா செய்வோம். வீட்டுக்குக் கூரை போட்டாலும், தையல் இயந்திரம் வாங்கினாலும் அப்படித்தான். அதற்குக் காகிதச் சுருள் மாலை போடுவோம். காகிதப் பூவிதழ்களைத் தூவுவோம். பூமித்தாய்க்கு ஒரு வாய் ஊற்றுவோம். சல்லா செய்யாத பொருள் நம்மோடு தங்காது என்பார்கள்.

தாத்தா டப்பாவைத் திறந்து, அறையின் நான்கு மூலைகளிலும் தரையில் சில துளி ஊற்றினார். அது ஸ்பிரிட். மூக்கு எரிந்தது. பெரியவர்களுக்கு அது. பிள்ளைகளுக்கு சார் பப்பாளி சோடா வாங்கி வைத்திருந்தார். நாங்கள் வரிசையாகப் போய் வாசற்படியில் ஊற்றினோம். கடைசி ஆள் நான். பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பெண்கள் கணினிகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பெட்டிக்கு மஞ்சள் சுருள், இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை. நான்காவதற்கு மூன்று நிறமும் சேர்த்து. ஐந்தாவதற்கு வரும்போது சுருள் தீர்ந்துவிட்டது. பூவிதழும் தீர்ந்துவிட்டது.

"பரவாயில்ல, ஒண்ணுதானே," என்றார் யாரோ.

எல்லோரும் கலைந்தார்கள். மஞ்சள் பெட்டி ஓரத்தில் ஒன்றுமில்லாமல் நின்றது.

என் மாமா லாரி வாங்கியபோது அதன் சக்கரத்தில் ஊற்றினார்கள். கதவில் ஊற்றினார்கள். எஞ்சின் மூடியைத் திறந்து அங்கேயும் தெளித்தார்கள். அந்த லாரி ஒருநாளும் நின்றதில்லை.

நான் சோடா பாட்டிலின் மூடியை நிரப்பினேன். மஞ்சள் பெட்டியின் விரிசலில் ஊற்றினேன்.

"உனக்கும்," என்றேன்.

பிறகு இன்னொரு அரை மூடி.

எல்லோரும் மறுபடி அறைக்குள் வந்தார்கள். இவார் அண்ணன் முதல் பெட்டியை இயக்கினார். திரையில் வெளிச்சம் வந்தது. அம்மாக்கள் "ஆ" என்றார்கள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆ".

ஐந்தாவதை அழுத்தினார்.

டப்.

நான்கு திரைகளும் கறுத்தன. மேலே விளக்கு அணைந்தது. ஒரு கோடு புகை எழுந்து கூரையைத் தொட்டது. தீய்ந்த சர்க்கரை வாசனை. பப்பாளி வாசனை.

வாசற்படியெல்லாம் சோடா ஊற்றியிருந்ததால் அந்த வாசனை யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"ஃபியூஸ் போயிடுச்சு," என்றார் இவார் அண்ணன். ஓடிப்போய்ப் புதுக் கம்பி போட்டார். விளக்கு எரிந்தது. ஆனால் யாருடைய முகமும் பழையபடி ஆகவில்லை.

"நேத்து இதை ஓட்டிப் பாத்தியா?" என்று லூர்தெஸ் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"பாத்தேன் மேடம். ரெண்டு மணி நேரம் ஓடுச்சு."

"அப்புறம் எப்படி?"

"தெரியல மேடம்."

அவர் காதுகள் சிவந்திருந்தன. ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நகரத்துக்காரங்களுக்கு வேண்டாததை எல்லாம் நம்ம தலையில கட்டறாங்க."

"மெதுவா பேசுங்க. காதுல விழுது," என்றாள் என் அம்மா.

"விழட்டுமே!"

முற்றத்தில் சாப்பாடு விரித்திருந்தது. வீட்டுக்கு வீடு துணியில் முடிந்து கொண்டுவந்ததை, ஒரே நீள விரிப்பில் கொட்டிப் பொதுவாக உண்போம். வேகவைத்த மொச்சை, உலர்கிழங்கு, பாலாடைக்கட்டி, பொரித்த மீன். அன்று யாரும் அதில் கை வைக்கவில்லை. எவுசேபியோ தாத்தா கூட்டம் கூட்டிவிட்டார்.

ஆண்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். விருந்தாளிகள் லாரிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"மின்சாரம் வேணும்னு பதினாறு வருஷம் நடையா நடந்தோம்," என்றார் தாத்தா. "வந்து ஒரு வருஷம்கூட ஆகல. இன்னிக்கு ஸ்கூல் ஃபியூஸ் போச்சு. நாளைக்கு ஊர் முழுக்கப் போச்சுன்னா?"

"போகாது தலைவரே," என்றார் சார். "ஒரு பெட்டிதான் பழுது. மத்த நாலும் நல்லா இருக்கு. நீங்களே பாத்தீங்க."

"அஞ்சும் ஒண்ணா வந்துச்சு. அஞ்சுக்கும் ஒண்ணா சல்லா பண்ணினோம். அதுல ஒண்ணு அன்னிக்கே செத்தா அது நல்ல சகுனமா? அஞ்சும் ஒண்ணாவே போகட்டும்."

சுவரோரம் தலைகள் ஆடின.

சார் தம் கைகளைப் பார்த்தார். சுண்ணாம்பு படிந்த கைகள். முப்பத்தெட்டு அட்டை வரைந்த கைகள்.

என் முழங்கையை யாரோ இடித்தார்கள். லிம்பெர்.

"நான் பாத்தேன்," என்றான் காதருகில். "மூடியால ஊத்தினதை."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வாரம் உன் பங்கு பாலாடைக்கட்டி எனக்கு."

நான் லாரிப் பக்கம் பார்த்தேன். இவார் அண்ணன் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். யாரும் அவரோடு பேசவில்லை.

"ரெண்டு நாள் வேணா குறைச்சுக்கறேன்," என்றான் லிம்பெர்.

"சரி, ஓட்டுக்கு விடுவோம்," என்றார் தாத்தா. "திருப்பி அனுப்பலாம்னு சொல்றவங்க..."

அவர் முடிக்கும் முன்பே நான் கையைத் தூக்கிவிட்டேன்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"உனக்கு ஓட்டு இல்ல, கண்ணு," என்றார் தாத்தா. "உனக்குமா அது வேண்டாம்?"

"எனக்கு வேணும் தாத்தா. ஓட்டுக்குத் தூக்கல. அந்தப் பெட்டியைக் கெடுத்தது நான்தான்."

சிரிப்பு நின்றது.

"சோடா ஊத்தினேன். உள்ள. விரிசல் வழியா."

"ஏன்?" என்றார் சார். அவர் குரல் அவ்வளவு சிறியதாக நான் கேட்டதில்லை.

"எல்லாத்துக்கும் மாலை போட்டாங்க. அதுக்கு மட்டும் ஒண்ணுமே போடல. மாமா லாரிக்கு எஞ்சின்லயே ஊத்தினாங்க. அது நல்லாத்தானே ஓடுது?"

அம்மா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாள். மாமா தம் லாரியைப் பார்த்தார். யாரோ இருமினார்கள். யாரோ சிரிப்பை அடக்குவதற்காக மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள்.

இவார் அண்ணன் போர்வையைக் கீழே போட்டுவிட்டு வேகமாக வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எவ்வளவு ஊத்தின?"

"ஒரு மூடி."

அவர் என்னையே பார்த்தார்.

"ஒன்றரை மூடி," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப என் வேலை சரியாத்தான் இருந்திருக்கு! மேடம், சோடாவாம் மேடம்! வெறும் சோடா!"

லூர்தெஸ் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிச்சுக்கோ இவார். உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

"பரவாயில்ல மேடம். நானே என்னைச் சந்தேகப்பட்டேன்."

எவுசேபியோ தாத்தா மட்டும் அசையவில்லை.

"யார் பண்ணினதுங்கறது சரி. பெட்டி செத்தது செத்ததுதானே?"

"சாகலைன்னு நினைக்கறேன் தலைவரே. மயக்கம்தான். தண்ணின்னா காஞ்சு போயிருக்கும். இது சர்க்கரை. உள்ள ஒட்டிக்கிச்சு. அதைக் கழுவி எடுக்கணும்."

"கழுவு. யாரு வேண்டாம்னா?"

"தண்ணியில கழுவ முடியாது. ஸ்பிரிட் வேணும். துளிகூடத் தண்ணி கலக்காத ஸ்பிரிட்." இவார் அண்ணனின் குரல் இறங்கியது. "என் மேசை மேல ஒரு பாட்டில் இருக்கு. நகரத்துல."

நகரம் ஐந்து மணி நேரம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் தாத்தாவின் காலடியைப் பார்த்தேன். அங்கே அந்தத் தகர டப்பா இருந்தது.

"தாத்தா, சல்லாவுல நாலு மூலையில ஊத்தினீங்களே. அதுல தண்ணி கலந்திருக்கா?"

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன கேள்வி கேக்கற? பூமித்தாய்க்கு நான் தண்ணி கலந்து குடுப்பேனா? நாப்பது வருஷமா சல்லா பண்றேன். ஒரு சொட்டு கலந்திருப்பேனா? இந்த டப்பாவுல இருக்கறது மாதிரி சுத்தம் நகரத்துலயே..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

முற்றம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் டப்பாவைப் பார்த்தார்.

"முழுசா வேணுமா?" என்றார்.

"பாதி போதும்," என்றார் இவார் அண்ணன்.

"பாதின்னா பாதிதான். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பச்சைத் தகடு. அதில் சின்னச் சின்ன வீடுகளும் தெருக்களும் இருப்பதுபோலத் தோன்றியது. நடுத்தெருவில் பழுப்பாக ஒட்டியிருந்தது என் சோடா.

"தேய்க்கறதுக்கு மெல்லிசா ஒரு பிரஷ் வேணும்," என்றார் இவார் அண்ணன். "பல் தேய்க்கற பிரஷ்னா நல்லது. புதுசா."

லிம்பெர் ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். சுகாதார நிலையத்தில் போன வருடம் எங்களுக்குக் கொடுத்த பிரஷ். உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஒரு வருஷமா பிரிக்கவே இல்லையாடா?" என்றார் அவன் அப்பா.

"நல்லவேளைன்னு நினைங்கப்பா."

இவார் அண்ணன் தகட்டைக் கழற்றி, ஸ்பிரிட்டில் பிரஷைத் தோய்த்துத் தேய்த்தார். பழுப்பு கரைந்து வழிந்தது. எவுசேபியோ தாத்தா பக்கத்தில் நின்று டப்பாவைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சமா தொடு. அடேய், கொஞ்சமா. அது என்ன குளிக்கவா போகுது?"

"குளிக்கத்தான் தலைவரே போகுது."

"இதோ, இந்த மூலையில இன்னும் ஒட்டியிருக்கு. கண்ணு தெரியலையா உனக்கு? தள்ளு. நான் காட்டறேன்."

பாதி டப்பா முடிந்ததும் தாத்தாவே இன்னும் கொஞ்சம் ஊற்றினார். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"இனி உலரணும்," என்றார் இவார் அண்ணன். "முழுசா. ஈரத்தோட போட்டா மறுபடி டப்புதான். ஆனா நாலு மணிக்கு நாங்க கிளம்பணுமே. இருட்டினா மேட்டுப் பாதையில பனி உறைஞ்சிடும்."

அம்மா எழுந்தாள். இதுவரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"குடு இங்க," என்றாள். "உலர்த்தறதைப் பத்தி எங்களுக்கே சொல்றியா தம்பி?"

அவள் அந்தத் தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வயலுக்கு நடந்தாள். பின்னால் மற்ற அம்மாக்கள். பின்னால் நாங்கள். கிழங்குகளை விலக்கி, வைக்கோல்மேல் சுத்தமான துணி விரித்து, தகட்டை வைத்தாள். காற்று வரும் பக்கம் பார்த்துச் சரித்து வைத்தாள். வெயில் நகர நகர அதையும் திருப்பினாள். அடி வரைக்கும் காற்று போக வேண்டும் என்று ஒருமுறை தூக்கிப் பிடித்தாள்.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, கோபமா?"

"பேசாதே. தூசி பறக்குது."

தகட்டைத் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னாள். "மாலை தீந்து போனதை நானும் பாத்தேன். என் சால்வைப் பின்னையாவது கழட்டி வச்சிருக்கலாம். தோணல."

மூன்று மணி ஆனது. இவார் அண்ணன் வந்து, குனிந்து, ஒவ்வொரு தெருவாகப் பார்த்தார். விரலால் தொட்டார்.

"காஞ்சிடுச்சு," என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லை. "இவ்வளவு சீக்கிரமா?"

"இன்னும் ரெண்டு நாள் விட்டா அதையும் வருஷக் கணக்கா வச்சு வேகவச்சுச் சாப்பிடலாம்," என்றாள் அம்மா.

பெட்டியை மூடினார்கள். அறை மறுபடி நிறைந்தது. வாசலிலும் ஜன்னலிலும் தலைகள். தாத்தா ஒரு விரலை உயர்த்தினார்.

"முதல்ல இதைப் போடு. இது எரிஞ்சா மத்த நாலும் இருக்கட்டும். எரியலைன்னா அஞ்சும் லாரிக்கு."

இவார் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ போடு."

"நானா?"

"உன் சோடா. நீ போடு."

விரலை நீட்டினேன். பொத்தான் குளிர்ந்திருந்தது. விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பெட்டிக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. பின்னாலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து என் கையில் பட்டது. கொஞ்சம் ஸ்பிரிட் வாசனை. கொஞ்சம் பப்பாளி. திரை மெல்லச் சாம்பல் ஆனது. நீலம் ஆனது.

விளக்கு அணையவில்லை.

அன்றைய மிகப் பெரிய "ஆ" அதற்குத்தான்.

சார் என் பின்னால் வந்து நின்றார். "எழுது சுல்மா."

"என்ன சார் எழுத?"

"அட்டையில எழுதினதுதான்."

நான் கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைத் தட்டினேன். அட்டை அமுங்காது. இது அமுங்கியது. கண்ணைத் திறந்தால் பெயர் திரையில் இருந்தது.

லிம்பெர் என் தோள்வழியாக எட்டிப் பார்த்தான். "அந்த மூணு எங்க? அந்த அம்மா கை வச்சிருந்த மூணு?"

முப்பத்தெட்டுப் பேரும் நெருக்கினார்கள். இரண்டு விசைகளில் ஏதோ குறிகள் இருந்தன. மூன்றாவது பெரியது. அதில் வளைந்த அம்பு.

"அதை அழுத்தினா என்ன ஆகும்?"

"அழுத்திப் பாரு," என்றார் இவார் அண்ணன்.

அழுத்தினேன். மின்னிக்கொண்டிருந்த சின்னக் கோடு கீழே குதித்து, அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நின்றது.

"அவ்வளவுதானா?" என்றான் லிம்பெர்.

சார் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நாலு மாசமா தட்டினோம். ஒரு வரியைக்கூட முடிக்கவே இல்லையே!"

லிம்பெர் கை நீட்டி அவன் பெயரை அந்த இரண்டாவது வரியில் தட்டினான். அப்புறம் வளைந்த அம்பு. அப்புறம் அடுத்தவள். முப்பத்தெட்டுப் பெயர்கள் ஏறியபின், சார் இவார் அண்ணனின் கையைப் பிடித்து அழுத்தி, அவர் பெயரையும் எழுத வைத்தார்.

நாலு மணி தாண்டிவிட்டது. லூர்தெஸ் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விரிப்பில் இருந்த மீனைப் பார்த்தார். "கொஞ்சம் சாப்பிட்டுட்டே போகலாம்," என்றார்.

தாத்தா டப்பாவை ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது. மஞ்சள் பெட்டி நின்ற மேசைக்குக் கீழே, தரையில், அதை ஊற்றினார். அம்மா தன் சால்வைப் பின்னைக் கழற்றி, பெட்டியின் மேல் வைத்தாள். விரிசலை விட்டுத் தள்ளி வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க லிம்பெருக்கு என் பாலாடைக்கட்டியில் பாதி கொடுத்தேன். பிரஷுக்காக.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது அந்தப் பள்ளியில் புதிய கட்டடம் இருக்கிறது. அட்டையில் தட்டிப் பழகினோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் மட்டும் என்னுடையதை வைத்திருக்கிறேன். மூன்று வெற்றிடங்களோடு.

அந்த ஐந்து கணினிகளில் முதலில் பச்சை மாலை போட்டது நின்றது. அடுத்த வருடம் சிவப்பு. பிறகு மற்ற இரண்டும். மாலையே போடாத அந்த மஞ்சள் பெட்டி மட்டும் நான் பள்ளிப் படிப்பை முடித்துப் போகும்வரை ஓடியது. மத்தியான வெயிலில் சூடேறினால் அதன் பின்பக்கம் லேசாகப் பப்பாளி வாசனை வரும். நாங்கள் அதற்குப் பப்பாளி என்றே பெயர் வைத்திருந்தோம்.

அது எப்படி அவ்வளவு வருடம் ஓடியது என்று யாராவது கேட்டால், எவுசேபியோ தாத்தா டப்பாவைத் தட்டிக்கொண்டே சொல்வார்.

"மத்ததுக்கெல்லாம் வெளியில மட்டும்தான் சல்லா நடந்துச்சு."